எங்கே சுற்றியும் ரங்கனைச் சேவி

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. மாலை திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் இரவு எட்டு மணி சுமாருக்குப் பத்திரமாகத் தரையிறங்கியது. சார்ஜாவில் அல்ல, திருச்சியில். ஏறிய சற்று நேரத்தில் ஹைட்ராலிக் கோளாறு. வயிறு நிறைய எரிபொருளோடு இறங்க முடியாது, அந்த ரக விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டவும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆகவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் திருச்சி, புதுக்கோட்டை வானத்தில் வட்டம். உள்ளே 140-க்கும் மேற்பட்டவர்கள். கீழே ஊரே பொரிகடலையைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. விமானிகள் பூவைப் போல இறக்கினார்கள், அவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆனால் கணக்கைப் பாருங்கள்: புறப்பட்ட இடம் திருச்சி, சேர்ந்த இடம் திருச்சி, கடந்த தூரம் பூஜ்யம், பயண நேரம் இரண்டரை மணி. எங்கே சுற்றியும் ரங்கனைச் சேவி என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

அதற்கு ஆறு வருடம் முன்பு, 2018 அக்டோபர் 12 நள்ளிரவு தாண்டி, துபாய்க்குக் கிளம்பிய இன்னொரு விமானம் இதே நிலையத்தின் சுற்றுச்சுவரை இடித்துக்கொண்டு மேலே போயிற்று. சுவர் உடைந்ததைத் தரையில் இருந்தவர்கள் பார்த்துச் சொன்னார்கள். விமானத்தில் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்ற, அடிவயிற்றில் காயத்தோடு அது அரபிக்கடல் மேல் பறந்து, பிறகு திரும்பி, ஏறக்குறைய நான்கு மணி நேரம் கழித்து மும்பையில் இறங்கியது. துபாய்க்குக் காசு வாங்கிக்கொண்டு மும்பையைக் காட்டினார்கள். 130 பயணிகளும் உயிரோடு வந்தார்கள், அதுவே பெரிய விஷயம்.

விபத்தை விட்டுவிடுவோம். இயந்திரம் என்றால் பழுதாகும், மனிதன் என்றால் கை தவறும். எனக்குக் கோபமெல்லாம் எந்தப் பழுதும் இல்லாத சாதாரண செவ்வாய், புதன்கிழமைகளின் மேல்தான்.

திருச்சிக்கும் சென்னைக்கும் வான்வழியாக சுமார் 290 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் வெகுகாலமாக ஓடும் விசிறி வைத்த ஏடிஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் பறக்கும். ஆகாயத்தில் ஏறக்குறைய முக்கால் மணி நேர வேலை. டிக்கெட்டில் மட்டும் ஒரு மணி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று இருக்கும். அதற்குப் பெயர் பிளாக் டைம். சக்கரத்துக்கு அணை கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து இறங்கிய இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, சென்னை மீனம்பாக்கத்துக்கு மேல் முறை வரும்வரை சுற்றுவது எல்லாம் இதில் அடக்கம். நியாயமான கணக்குதான். ஆனால் அதற்குள் கொஞ்சம் தாராளமாக நிமிடங்களைத் திணித்து வைத்துக்கொண்டால் என்ன சௌகரியம் தெரியுமா? இருபது நிமிடம் பிந்திக் கிளம்பினாலும் 'குறித்த நேரத்தில் வந்து சேர்ந்தோம்' என்று மைக்கில் பெருமையாக அறிவிக்கலாம். 15 நிமிடம் வரை பிந்துவது பிந்துவதே ஆகாது என்பது விமானத் தொழிலின் உலக வழக்கம். பள்ளிக்கூடத்துக்குப் பதினைந்து நிமிடம் தாமதமாகப் போய் முட்டி போட்ட நமக்கெல்லாம் அந்த வழக்கம் அப்போது தெரியாமல் போயிற்று.

சரி, எத்தனை விமானம் நேரத்துக்குப் போகிறது என்று அரசு கண்காணிக்கிறதா? கண்காணிக்கிறது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அதாவது டிஜிசிஏ, மாதா மாதம் பட்டியல் போடுகிறது. எந்தெந்த நிலையங்களை வைத்து? டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் போன்ற பெருநகர நிலையங்களை வைத்து. திருச்சி அதில் இல்லை. ஆக, திருச்சி விமான நிலையம் இருக்கும் செம்பட்டில் உட்கார்ந்து நீங்கள் மூன்று மணி நேரம் கொட்டாவி விட்டால் அந்தப் பட்டியலைப் பொறுத்தவரை அந்த மூன்று மணி நேரம் நடக்கவே இல்லை. நீங்கள் காத்திருந்ததற்கு ஒரே சாட்சி உங்கள் இடுப்புவலி.

ஒருநாள் சாயங்காலம் நான் உட்கார்ந்திருந்த கேட்டில் நடந்த பேச்சு இது. விமானக் கம்பெனியின் பெயர் வேண்டாம். கேட்டவர் வேட்டி, திருமண் சகிதம் ஸ்ரீரங்கத்துக்காரர், எழுபதுக்கு மேல் இருக்கும்.

"ஏம்மா, இது கிளம்புமா, கிளம்பாதா?"

"இன்கமிங் ஏர்கிராஃப்ட் டிலே சார்."

"அது இப்ப எங்கம்மா இருக்கு?"

"சென்னையில சார்."

"நானும் அங்கதாம்மா போகணும். அது அங்கேயே இருந்துக்கறேன்னா, நான் எதுலம்மா போறது?"

கேட்டில் நின்று பதில் சொன்ன அந்தப் பெண் சிரித்துவிட்டது. அதற்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். காலையிலிருந்து நின்றுகொண்டே திட்டு வாங்குகிற வேலை. திட்டு வாங்க வேண்டியவர்கள் குருகிராமில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் நடுவில் குதிகால் செருப்போடு இந்தப் பிள்ளையை நிறுத்தி வைத்திருப்பதற்குப் பெயர் வாடிக்கையாளர் சேவை.

விதி என்ன சொல்கிறது? இரண்டரை மணி நேரத்துக்குள் முடியும் பயணம் இரண்டு மணி நேரம் தாமதமானால் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டும். முக்கால் மணி நேரம் பறப்பதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தால்தான் நீங்கள் பசித்தவர் என்ற சட்ட அந்தஸ்தை அடைகிறீர்கள். பிறகு ஒரு அட்டைப்பெட்டி வரும், உள்ளே கட்டை விரல் நீளத்துக்கு ஒரு ஜூஸ், நாலு பிஸ்கட். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். ஆறு மணி நேரமா! ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறியிருந்தால் அதற்குள் எழும்பூரில் இறங்கி, காபி குடித்து, ஆட்டோக்காரரிடம் பேரம் பேசித் தோற்றும் போயிருக்கலாம். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் நஷ்ட ஈடு உண்டு. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி நேரம் வரை 7,500. இல்லாவிட்டால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. கட்டணம் வாங்கும்போது எது அதிகமோ அது, திருப்பித் தரும்போது எது குறைவோ அது. இதில் கம்பெனியின் கைக்கு மீறிய காரணம் என்றால் அதுவும் கிடையாது. எந்தக் காரணம் கைக்கு மீறியது என்று முதலில் சொல்வது யார்? கம்பெனிதான்.

பிளாக் டைம் கட்டை எடுத்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. நம்முடைய பயணம் வாசற்படியில் ஆரம்பித்துவிடுகிறது. ஸ்ரீரங்கத்திலிருந்து விமான நிலையம் பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. மாம்பழச் சாலை, காவிரிப் பாலம், சத்திரம், பாலக்கரை, டிவிஎஸ் டோல்கேட், சுப்பிரமணியபுரம், செம்பட்டு. இந்தப் பெயர்களைச் சொல்லி முடிக்க அரை நிமிடம். கடந்து முடிக்க எவ்வளவு என்று கேட்டால் அன்றைக்கு எந்தப் பாலம் படுத்திருக்கிறது என்று முதலில் விசாரிக்க வேண்டும். 1976-இல் கட்டிய காவிரிப் பாலத்தை 2022 நவம்பரில் பராமரிப்புக்காக மூடினார்கள், 2023 மார்ச்சில் திறந்தார்கள். அந்த நாட்களில் ஆற்றைக் கடப்பதே ஒரு தனிப் பிரயாணம். அரிஸ்டோ மேம்பாலம் ஒரு துண்டு ராணுவ நிலத்துக்காக வருடக்கணக்கில் அந்தரத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்று, 2023-இல்தான் முழுசாக இறங்கியது. அது இறங்கிய மறு ஜனவரியில் பொன்மலை ஜி கார்னரில் நெடுஞ்சாலைப் பாலத்தின் தாங்குசுவர் சரிந்தது. ஒன்று எழுந்தால் ஒன்று படுத்துக்கொள்வது என்று இந்த ஊர்ப் பாலங்களுக்குள் ஏதோ ஷிஃப்ட் முறை இருக்கிறது.

வழக்கமாகக் கவுன்ட்டரை ஒரு மணி நேரம் முன்னால் மூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் சென்று சேர, இன்னும் ஒன்றரை மணி நேரம் முன்னால் கிளம்பு. சென்னையில் இறங்கிய பின் பெட்டிக்கு இருபது நிமிடம், ஜிஎஸ்டி சாலைக்கு ஒரு மணி. கூட்டினால் நாலரை, ஐந்து. வந்தே பாரத் சுமார் நான்கு மணி நேரத்தில் எழும்பூரில் விடுகிறது. 290 கிலோமீட்டரை வானத்தில் போகிறவன் தரையில் போகிறவனிடம் தோற்கிறான், அதற்கு மூன்று மடங்கு காசும் கட்டுகிறான்.

இப்போது கட்டிடத்துக்கு வருவோம், அதுதான் நம் அரசுகளுக்கு நன்றாக வரும் பாடம். 1,100 கோடிக்கு மேல் செலவு செய்து புது முனையம். முகப்பில் கோபுரச் சாயல், உள்ளே கோலம், ஸ்ரீரங்கத்தின் வண்ணங்கள், சுவர் முழுக்க ஓவியம். அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லக் கூடாது. 2024 ஜனவரி 2 அன்று பிரதமர் திறந்து வைத்தார். முதல் பயணி உள்ளே கால் வைத்தது ஜூன் 11. நடுவில் ஐந்து மாதம் அது திறந்திருந்தது, ஆனால் யாரும் போக முடியாது. டெல்லிக்கு மட்டும்தான் இந்த வித்தை தெரியுமா என்று சென்னைக்கு ரோஷம் வந்துவிட்டது. இதே ஊரின் பஞ்சப்பூர் பேருந்து முனையத்தை 2025 மே 9 அன்று முதல்வர் திறந்தார், பஸ் ஓடியது ஜூலை 16-இல். கட்சி வேறு, கொடி வேறு, கத்தரிக்கோல் மட்டும் ஒன்று. நாடாவை வெட்டிய நேரத்துக்கும் கதவு திறக்கும் நேரத்துக்கும் ஒரு பிளாக் டைம் போட்டுச் சொன்னால் நாமும் அதற்கேற்ப ஊரை விட்டுக் கிளம்பலாம்.

ஆண்டுக்கு 44 லட்சத்துக்கும் மேல் பயணிகள் வந்து போக இடம் செய்திருக்கிறார்கள். அந்த 44 லட்சம் பேரும் ஏறிப் பறக்க வேண்டிய ஓடுபாதை? 2,480 மீட்டரிலேயே நிற்கிறது. 3,100 மீட்டருக்கு மேல் நீட்ட வேண்டும் என்ற கோப்புக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். பட்டா நிலம், ராணுவ நிலம், மாநில அரசு, மத்திய அரசு என்று அதுவும் சார்ஜா விமானம் மாதிரி வட்டமடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய விமானம் முழுப் பாரத்தோடு இறங்கி ஏற அந்த நீளம் போதாது. ஸ்ரீரங்கத்து ராயர் கோபுரமும் மொட்டையாக நூற்றாண்டுக்கணக்கில் நின்று 1987-இல்தான் பதின்மூன்று நிலையோடு ராஜகோபுரமாக எழுந்தது. முகப்பை வரைந்த கலைஞர் ஸ்ரீரங்கத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறார். ஓடுபாதைக் கோப்பை வைத்திருப்பவர்களும் பார்த்திருக்கிறார்கள், அந்த மொட்டைக் காலத்தை மட்டும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். டெல்லி ஏறத்தாழ 2,000. சிங்கப்பூருக்கு நேராகப் போகலாம், நான்கு மணி நேரம். சொந்த நாட்டின் தலைநகருக்கு வெகுகாலம் சென்னையிலோ பெங்களூரிலோ மூட்டையை இறக்கி ஏற்றித்தான் போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணம் திருச்சிக்குச் சென்னையைவிடப் பக்கம், 200 கிலோமீட்டர்கூட இல்லை. அங்கே நேராகப் போக 2025 மார்ச் 30 வரை காத்திருந்தோம், அதுவரை தெற்கே இருக்கும் ஊருக்கு வடக்கே சென்னைக்குப் போய் ஏற வேண்டும். டெல்லியிலிருந்து நடுவில் விமானம் மாறாமல் ஸ்ரீரங்கத்துக்கு வந்தவர்கள் என்று சரித்திரம் சொல்வது சுல்தானின் படையைத்தான். 1323-இல் அது வந்தபோது கிளம்பிய ரங்கனின் உற்சவர் நம்பெருமாள் பாண்டி நாடு, மலையாள நாடு, மேல்கோட்டை, திருமலை, செஞ்சிப் பக்கம் என்று சுற்றிவிட்டு 1371-இல் வீடு திரும்பினார். 48 வருடம், ஸ்ரீரங்கத்திலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு. கனெக்டிங் ஃபிளைட்டின் கஷ்டம் என்னவென்று இந்த ஊரில் பெருமாளுக்கே தெரியும்.

இதில் வளைகுடா தனி வயிற்றெரிச்சல். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், தஞ்சை, நாகை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று அத்தனை சீமையிலிருந்தும் கொத்தனாரும் டிரைவரும் வெல்டரும் இங்கேதான் ஏறுகிறார்கள். கயிறு போட்டுக் கட்டி, மார்க்கர் பேனாவில் பெயர் எழுதிய அட்டைப்பெட்டிதான் இந்த நிலையத்தின் அடையாளம், முகப்புக் கோபுரம் அல்ல. ஆனால் அமீரகத்தின் பெரிய விமானக் கம்பெனிகள் இங்கே இறங்க முடியாது. இரு நாட்டு ஒப்பந்தத்தில் 'பாயின்ட் ஆஃப் கால்' என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பெயர் இருந்தால்தான் அந்நிய விமானம் வரும், திருச்சியின் பெயர் இல்லை. எம்பி யாராக வந்தாலும் நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கிறார். பெருநகரம் அல்லாத நிலையம் எதையும் புதிதாகச் சேர்ப்பதாக இல்லை என்று அமைச்சகம் எழுதிவைத்த பதிலைப் படிக்கிறது. இந்திய விமானங்கள் எங்கிருந்து எங்கு வேண்டுமானாலும் பறக்கலாமே என்று கூடுதலாக ஒரு வரி. பறக்கலாம்தான், அவை போதுமான அளவு பறக்கவில்லை என்பதுதானே கேள்வியே! பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்குக்கு விலை சொல்வது பழமொழி என்று நினைத்திருந்தோம், அது ஒரு துறையின் கொள்கை.

அந்தப் பதிலுக்கு விலை கொடுப்பது யார்? சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ ஒருமுறை வரும் ஆள். தகப்பன் இறந்துவிட்டார் என்று போன் வந்த இரவில் நேர் விமானத்தில் இடமில்லாமல், சென்னையிலோ கொச்சியிலோ இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் விடிய விடிய வந்து, ஊருக்குள் நுழையும்போது காடு போய்த் திரும்பியவர்கள் குளித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கிறவன். அந்த எட்டு மணி நேரத்தை எந்தப் பிளாக் டைமில் சேர்ப்பீர்கள், அமைச்சர் அவர்களே?

கட்டணத்தைக் கேட்டால் இன்னொரு மனப்பாடம். 1994-இல் சட்டம் மாறிவிட்டது, சந்தை சுதந்திரமானது, அரசு கட்டணத்தை நிர்ணயிப்பதில்லை. தீபாவளி, பொங்கலுக்கு முந்தின நாள் சென்னை-திருச்சி டிக்கெட் பத்தாயிரத்தைத் தாண்டும்போதெல்லாம் இதுதான் பதில். கொரோனா காலத்தைத் தவிர்த்தால் முப்பது வருடமாக அரசின் கை கட்டப்பட்டிருந்தது. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் விமானிகளின் ஓய்வு விதிக்குத் தயாராகாத இண்டிகோ கவிழ்ந்து, ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, டெல்லியிலும் மும்பையிலும் மலைபோல் பெட்டி குவிந்தது. அப்போது கைக்கட்டு தானாக அவிழ்ந்துவிட்டது. டிசம்பர் 6 அன்று உத்தரவு: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. வரிகள் தனி. ஒரே ராத்திரியில் கிலோமீட்டர் கணக்குப் போடத் தெரிந்துவிட்டது! அப்படியானால் இத்தனை பொங்கலுக்கும் தெரியாமல் இல்லை, போட மனமில்லை. டெல்லிக்காரன் தரையில் படுத்தால்தான் அது நெருக்கடி. திருச்சிக்காரன் படுத்தால் அவனுக்குத் தூக்கம் வருகிறது.

அந்த 7,500-ஐயும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 2016-இல் உடான் திட்டம் கொண்டுவந்தபோது, ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானம் ஏற வேண்டும் என்றார்கள். ஏறக்குறைய 500 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய், அதுவும் அந்தத் தடங்களில் பாதி இருக்கைகளுக்கு. ஒன்பது வருடத்தில் அதே 500 கிலோமீட்டருக்கு அதே அரசு வைத்த நியாயமான உச்சவரம்பு மூன்று மடங்கு. செருப்பு அதேதான், தேய்ந்திருக்கிறது. வேலூரிலும் நெய்வேலியிலும் உடான் பெயரைச் சொல்லி வேலை பார்த்து வருடங்கள் ஆகின்றன. அங்கே செருப்பும் தயார், ஓடுபாதையும் தயார், விமானத்தைத்தான் காணோம். இன்னொன்றும் நடந்தது. குளறுபடி செய்த கம்பெனிக்கு விமானிகளின் இரவுப் பணி விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு கிடைத்தது. பயணியின் தூக்கம் போயிற்று என்று கூச்சல் எழுந்ததும், அதைச் சரிசெய்ய விமானியின் தூக்கத்தில் கை வைத்தார்கள். காக்பிட்டில் கொட்டாவி விடுபவரை நம்பி ஏறு என்பதுதான் தீர்வு.

ஓடுபாதைக்கு நிலம் வேண்டும், ராணுவம் கையெழுத்துப் போட வேண்டும், புரிகிறது. பாயின்ட் ஆஃப் காலுக்கு அமீரகத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும், அதுவும் புரிகிறது. டிஜிசிஏ மாதாமாதம் போடும் அந்தத் தாமதப் பட்டியலில் 'திருச்சிராப்பள்ளி' என்று ஒரு வரி சேர்க்க என்ன வேண்டும்? ஏக்கர் கணக்கில் நிலமா, நாடாவா, கத்தரிக்கோலா? கணினியில் ஒரு வரி. எந்த விமானம் எத்தனை மணிக்கு வந்தது, போனது என்பது கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நிமிடம் தவறாமல் ஏற்கெனவே குறிக்கப்படுகிறது, எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. போட மாட்டார்கள். போட்டால் அடுத்த கூட்டத்தொடரில் யாராவது அந்த எண்ணைப் படிப்பார், அதற்கு ஒரு புதுப் பதில் எழுத வேண்டியிருக்கும்.